பெரிய மனிதர் வாசலும் ஐம்பது ரூபாய்ப் புள்ளியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் கடிதப் பகுதியில் ஒரு வாசகர், சின்ன ஊர்களில் பந்து ஆடும் பையன்களுக்கு உதவ ஊருக்கொரு பெரிய மனிதர் முன்வர வேண்டும் என்று எழுதியிருந்தார். நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தப் பெரிய மனிதருக்காக ஆறு வருஷம் காத்திருந்தவன் நான். அதனால்தான் இந்தப் பதில்.

நான் ஓய்வுபெற்ற தபால்காரன். காரைக்குடிக்கும் திருமயத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். வேலையை விட்டு வந்த மறு மாதமே ஊர்க் கால்பந்துக் குழுவுக்கு என்னைப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். பந்தாட்டம் தெரியும் என்பதற்காக அல்ல. முப்பத்தோரு வருஷம் மணியார்டர் பணம் எண்ணிக் கொடுத்த கை, கணக்கில் தப்பாது என்று ஒரு நம்பிக்கை. ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றுவரை எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை. மற்றவர்கள் கத்தினால் நானும் கத்துவேன்.

போன வருஷக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வெளியூர்ப் போட்டிகளுக்கு எட்டுத் தடவை வேன் வாடகை ரூ.28,000. நுழைவுக் கட்டணம் ரூ.8,000. ஜெர்சி ரூ.7,200. ஏழு பந்து ரூ.6,300. சுண்ணாம்பும் கோல் வலையும் ரூ.4,500. மருந்து, கட்டுத்துணி ரூ.3,200. பயிற்சி முடிந்ததும் பையன்களுக்கு அவித்த முட்டையும் வாழைப்பழமும் ரூ.24,000. ஆக மொத்தம் ரூ.81,200. முட்டையை நிறுத்திவிடலாமே என்று ஒருவர் கேட்டார். காலையில் நீராகாரம் குடித்துவிட்டு வந்து ஓடுகிற பிள்ளைகளை ஒரு நாள் வந்து பார்க்கச் சொன்னேன். அப்புறம் அவர் கேட்கவில்லை.

ஏழு பந்து எதற்கு என்று நீங்களும் கேட்கலாம். எங்கள் பொட்டலுக்கு மேற்கே ஊருணிக்கரை, வடக்கே சீமைக்கருவேலங்காடு. வடக்குக் கோல் கம்பத்துக்கு மேலே போகிற பந்து நேராக முள்ளில் போய்த்தான் உட்காரும். புஸ் என்று ஒரு சத்தம், அத்தோடு 900 ரூபாய் போச்சு. செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தையலைப் பிரித்து, உள்ளே ஒட்டுப் போட்டு, மறுபடி தைத்து வாங்கலாம். அப்படித் தைத்த பந்து ஒரு பக்கம் கனத்துப் போய், உதைத்தால் குடித்தவன் மாதிரி கோணிக்கொண்டு போகும். பயிற்சிக்கு ஆகும், போட்டிக்கு ஆகாது.

சரி, பெரிய மனிதர் கதைக்கு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நிதி நிறுவனத்தார் ரூ.25,000 தருவதாகச் சொன்னார்கள். பெயர் வேண்டாம். ஒரே நிபந்தனை, ஜெர்சியின் மார்பில் அவர்கள் பெயர் பெரிதாக இருக்க வேண்டும். நாங்களும் சந்தோஷத்தில் பதினெட்டு ஜெர்சிக்கு எங்கள் கைக்காசைப் போட்டு அச்சடித்துவிட்டோம். போட்டி முடிந்தது. பொங்கல் போனது, சித்திரை போனது. காசோலை இதோ வருகிறது, அதோ வருகிறது என்று சொல்லிச் சொல்லியே கடைசியில் கடையையும் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் பையன்கள் மட்டும் இல்லாத கடைக்கு ஊர் ஊராக விளம்பரம் செய்துகொண்டிருந்தார்கள். புதுசு வாங்கக் காசு இல்லை.

என் மனைவிதான் வழி சொன்னாள். பழைய கண்டாங்கிச் சேலை ஒன்றைச் சாண் அகலத்துக்குக் கிழித்து, அரக்கும் கறுப்புமான அந்தக் கட்டத்தை ஜெர்சியின் மார்பில் குறுக்கே வைத்து, அந்தப் பெயர் மறைகிற மாதிரி தைத்துக் கொடுத்தாள். பருத்தித் துணி வேர்வையைக் குடித்துக் கனத்துப்போகும், இரண்டாவது பாதியில் இழுக்கும் என்று பையன்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு போட்டிக்குப் போனபோது, எதிரணிப் பையன்களே அது எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். ஆட்டம் பார்க்க வந்த நாலு பேர் காசு தருகிறோம், எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். இப்போது அப்படியே ஒரு பட்டை வைத்த சட்டையை ரூ.550-க்கு விற்கிறோம். செலவு போக ஒரு சட்டைக்கு ரூ.140 நிற்கிறது. பாலியஸ்டர் துணியில் கட்டத்தை அச்சடித்தால் பாதி விலையில் முடியும் என்று திருப்பூரில் இருக்கும் ஒரு பையன் சொன்னான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-ல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. நெய்தவருக்குக் கூலி போகாத கட்டத்தைக் கண்டாங்கி என்று சொல்லி விற்றால், எங்களை ஏமாற்றிய நிதி நிறுவனத்துக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்? துண்டுத் துணியாக இருந்தாலும் தறியில் நெய்ததைத்தான் வாங்குகிறோம்.

இந்தச் சமயத்தில்தான் இங்கிலாந்து போக வாய்த்தது. மகள் லிவர்பூல் பக்கம் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். பேரன் பிறந்தபோது நானும் மனைவியும் ஆறு மாதம் போயிருந்தோம். குளிரில் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறேனே என்று மருமகன் ஒரு சனிக்கிழமை பக்கத்துப் பேட்டை மைதானத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே மேலே இருக்கும் நான்கு டிவிஷன்களில் 92 கிளப்புகள். அதற்குக் கீழே இருப்பதற்கெல்லாம் நான்-லீக் என்று பெயர், அதாவது லீக்கில் சேராதவை. முதலில் கேட்டபோது யாரோ மார் தட்டி ‘நான் லீக்’ என்று சொல்லிக்கொள்வது மாதிரி இருந்தது எனக்கு.

டிக்கெட் கிழித்தவர் என் வயசுக்காரர். தேநீர் ஊற்றியது ஓர் ஆட்டக்காரரின் அம்மா. சுவரில் ஒவ்வோர் ஆட்டக்காரர் படத்துக்குக் கீழேயும், இந்த வருஷம் இவர் செலவை ஏற்றவர் இன்னார் என்று ஒரு சீட்டு. ஒருவருக்கு மீன் வறுவல் கடை, ஒருவருக்கு முடிதிருத்துபவர், ஒரு பையனுக்கு அவனுடைய பாட்டியே. அன்றைய பந்தை வாங்கிக் கொடுத்தவர் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பெயர் சொன்னதும் அவர் எழுந்து கையை ஆட்டினார், ஏதோ கும்பாபிஷேகத்துக்கு உபயம் செய்தவர் மாதிரி. எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. நம் ஊர்க் கோயிலில் டியூப்லைட்டில் வெளிச்சம் தெரியாத அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதுகிறோமே, அதே சங்கதிதான்.

அந்தப் பக்கத்திலேயே கிராஸ்பி என்ற ஊரில் மரைன் என்று ஒரு கிளப். அப்போது டிவிஷன் வரிசையில் எட்டாவது படியில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். 2021 ஜனவரியில், சின்னக் கிளப்பும் பெரிய கிளப்பும் மோதுகிற எஃப்.ஏ. கோப்பையில், முதல் டிவிஷனில் ஆடும் டாட்டன்ஹாம் அணி இவர்கள் மைதானத்துக்கே வந்து ஆட வேண்டியதாயிற்று. அவர்கள் காலத்துக்கும் காணாத கூட்டம் வந்திருக்கும். ஆனால் கொரோனா, ஒரு ஆளையும் உள்ளே விடக்கூடாது. என்ன செய்தார்கள் தெரியுமா? உள்ளே நுழைய முடியாத டிக்கெட்டை பத்துப் பவுண்டுக்கு விற்றார்கள். வீட்டில் டிவியில்தான் பார்க்க வேண்டும். முப்பதாயிரத்துக்கு மேல் விற்றது. எதிரணி ரசிகர்களும் வாங்கினார்கள். ஆட்டத்தில் 0-5 என்று தோற்றார்கள், வசூலில் ஜெயித்தார்கள்.

எக்ஸிடர் என்ற ஊர்க் கிளப்பின் கதையும் இதே மாதிரிதான். 2003-ல் ரசிகர்கள் சங்கம் அந்தக் கிளப்பை ஏற்றுக்கொண்டது. 2005-ல் இதே கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட் மைதானத்திலேயே கோல் வாங்காமல் சமன் செய்து, மறு ஆட்டமும் கிடைத்து, அந்த வரும்படியில் கடன் சுமை இறங்கியது. அது அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். நான் பார்ப்பது அந்த நடுவில் கிடந்த இரண்டு வருஷத்தை. அதிர்ஷ்டம் வந்து கதவைத் தட்டும்போது உள்ளே ஆள் இருக்க வேண்டுமே.

விம்பிள்டன் கால்பந்துக் கிளப்பின் ரசிகர்கள் புது மைதானத்துக்குக் கடன் பத்திரம் விற்றபோது, வட்டி எவ்வளவு வேண்டும் என்று வாங்குகிறவரையே சொல்லச் சொன்னார்கள். பூஜ்யத்திலிருந்து நாலு சதவீதம் வரை. வட்டிக் கணக்கில் உலகம் சுற்றி வந்த நம் பக்கத்தில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். நானும் ஊரில் சொல்லவில்லை.

அங்கே பார்த்ததை எல்லாம் அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. இடைவேளையில் ஒரு பவுண்டுக்குச் சீட்டு விற்று, வசூலில் பாதி ஜெயித்தவருக்கு, பாதி கிளப்புக்கு என்று குலுக்குகிறார்கள். முதல் கோல் எத்தனையாவது நிமிஷம் என்று சீட்டு விற்பதும் உண்டு. எங்கள் பையன்கள் இதைக் கேட்டதும் துள்ளினார்கள். நான் வேண்டாம் என்றேன். தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்தார்கள். அதற்கு முன்னால் ஓய்வூதிய மணியார்டரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நேரே சீட்டுக் கடைக்குப் போனவர்களை எனக்குப் பெயர் பெயராகத் தெரியும். நல்ல காரியத்துக்கு என்றாலும் குலுக்கல் குலுக்கல்தான். ஏலச்சீட்டு நடத்தலாம் என்றான் இன்னொருவன். பதிவு செய்யாமல் சீட்டு நடத்துவதும் சட்டப்படி குற்றம். அதுவும் வேண்டாம்.

ஏலம் விடுவதில் தப்பில்லையே. கோயிலில் எலுமிச்சம்பழத்தை ஏலம் விடுகிறோம், யாரும் அதன் சந்தை விலையைக் கேட்பதில்லை. போன தை மாதம் எங்கள் பொட்டலில் இடைவேளையின்போது முதல் ஏலம் விட்டோம். பொருள் ஒரு வாழைத்தார், தோட்டக்காரர் ஒருவர் இனாமாகக் கொடுத்தது. கடையில் ரூ.350 போகும். இருநூறில் ஆரம்பித்தேன். ஐந்நூறு வரை நாலைந்து பேர் கேட்டார்கள். அப்புறம் இரண்டே பேர், மாமனும் மச்சானும். போன மாதம் ஒரு காதுகுத்தில் ஏதோ மனஸ்தாபம், பேச்சுவார்த்தை இல்லை. ஒருவர் ஊருணிக் கரையில், ஒருவர் கோல் கம்பத்தடியில். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் என்னைப் பார்த்தே கேட்டார்கள். “ஆயிரம்.” “ஆயிரத்து இருநூறு.” “ஆயிரத்து ஐந்நூறு.” நடுவர் ஊதலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நிற்கிறார். இரண்டாவது பாதி பத்து நிமிஷம் தாமதம். “ரெண்டாயிரத்து நூறு, ஒரு தரம், ரெண்டு தரம்” என்று நான் இழுக்க, கம்பத்தடிக்காரர் மச்சானைப் பார்த்து முதல் தடவையாக வாயைத் திறந்தார்: “எடுத்துக்கடா, நீயே தின்னு.” மூன்று தரம். ரூ.2,100. எடுத்தவர் தாரைச் சைக்கிளில் ஏற்றவில்லை. சீப்பு சீப்பாக அறுத்து இரண்டு அணிப் பையன்களுக்கும் கொடுத்தார், கடைசிச் சீப்பைக் கம்பத்தடிக்கு அனுப்பினார். வாங்கிக்கொண்டார்.

ஆனால் ஏலம் திருவிழா வரும்படி. மாதா மாதம் வேனுக்குப் பணம் வேண்டுமே. அதற்கு நாங்கள் கண்ட வழிக்கு வெளிநாட்டிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை. நகரத்தார் கோயில்களில் புள்ளி வரி என்று உண்டு. கல்யாணம் ஆன ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. பணக்காரப் புள்ளி, ஏழைப் புள்ளி என்று இல்லை, புள்ளிக்கு இவ்வளவு என்று ஒரே கணக்கு. இளையாத்தங்குடி, பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயில்களையும் தலைமுறை தலைமுறையாக இப்படிப் புள்ளி கணக்குப் பார்த்துக் கட்டிக் காத்துவருகிறார்கள். நம் பக்கத்துக்கு வள்ளல் பெருமை உண்டு, மறுக்கவில்லை. அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால்தான் காரைக்குடிக்குச் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. ஆனால் அழகப்பர் ஒருவர்தான். இன்னொருவர் வருவார் என்று பொட்டலில் உட்கார்ந்திருக்க முடியாது.

எங்கள் புள்ளிக்குச் சாதி கிடையாது, கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் என்பதும் கிடையாது. மாதம் ஐம்பது ரூபாய் கொடுக்கும் யாரும் ஒரு புள்ளி. ஐயாயிரம் கொடுத்தாலும் ஒரே புள்ளிதான், கூட்டத்தில் ஒரு கைதான் தூக்கலாம். மான்செஸ்டரில் 2005-ல் ரசிகர்களே தொடங்கிய எஃப்.சி. யுனைடெட் என்ற கிளப்பிலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான் என்று மருமகன் சொன்னார். நல்லது. இப்போது 64 புள்ளி சேர்ந்திருக்கிறது. டீக்கடைக்காரர், அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர்கள், இரண்டு ஆசிரியைகள், எங்கள் கோல்கீப்பரின் அப்பத்தா. 140 புள்ளி சேர்ந்தால் வருஷத்துக்கு ரூ.84,000. அதற்கு மேல் எங்களுக்கு யாருடைய வாசலும் தேவையில்லை.

இதில் ஒரு தப்பு நடந்தது, என் தப்பு. ஆரம்பத்தில் எங்கள் ஸ்ட்ரைக்கர் பையன் செல்பேசியில் இருந்த க்யூஆர் கோடையே அட்டையில் ஒட்டி வைத்தோம். வசதியாகத்தான் இருந்தது. குழுவுக்கு வந்த பணம் ரூ.4,300, அவன் சம்பளத்தோடு சேர்ந்து ஒரே கணக்கில் கிடந்தது. அவன் காசைத் தொடவில்லை, நான் வரி வரியாகப் பார்த்தேன். ஆனால் அவன் புது பைக் வாங்கியது அதே மாதம். ஊர் வாயை மூட முடியுமா? பணத்தை என் கையில் எண்ணி வைத்துவிட்டுப் போனவன் இன்னும் பொட்டலுக்குத் திரும்பவில்லை. பத்தொன்பது வயசு, இரண்டு காலாலும் அடிப்பான். அதற்குப் பிறகுதான் 1975-ம் வருஷத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்து, சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு ஆரம்பித்து, அந்தக் கணக்கின் க்யூஆர் கோடை ஒட்டினோம். வரவு செலவை மாதம் ஒன்றாம் தேதி டீக்கடைச் சுவரில் ஒட்டுகிறேன். இதை முதலிலேயே செய்திருந்தால் அந்தப் பையன் இன்று எங்களுக்கு ஆடிக்கொண்டிருப்பான்.

வெளிநாட்டிலிருந்து உதவ நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோலாலம்பூரில் இருக்கும் ஒருவர், நம் ஊர்க்காரர்தான், ஆனால் மலேசியக் குடியுரிமை வாங்கிவிட்டவர், ஒரு தொகை அனுப்புகிறேன் என்றார். கணக்குத் தணிக்கையாளர் தடுத்துவிட்டார். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை, அதற்குத் தனியாக மத்திய அரசின் அனுமதி வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அந்தச் சிக்கல் இல்லை. கோலாலம்பூர்க்காரர் வருத்தப்பட்டார். ஊருக்கு வரும்போது பொட்டலில் வந்து உட்கார்ந்து கத்துங்கள், அதற்கு அனுமதி வேண்டாம் என்று எழுதினேன்.

நான் அதிகம் எதிர்பார்ப்பது இன்னொரு வேலையை. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் எந்தெந்தத் தெருவில் எத்தனை, எதற்கு யார் சொந்தம், அவர் சென்னையிலா சிங்கப்பூரிலா என்பது தபால்காரனுக்குத் தெரிகிற அளவு வேறு யாருக்குத் தெரியும்? முகப்பைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனால் ஆள் உயரத்துக்கு முள். வருஷம் ஒரு முறை கல்யாணத்துக்கோ படைப்புக்கோ வந்து திறக்கும்போதுதான் ஆள் தேடி அலைகிறார்கள். எங்கள் பையன்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு வீட்டுக் கொல்லையைச் சுத்தமாக்கிவிடுவார்கள். வீட்டுக்காரர் தரும் கூலி குழுவுக்கு. வெட்டிய முள் மூட்டம் போடுகிறவர்களுக்குப் போனால் கரியாகும், அதிலும் கொஞ்சம் காசு. இதுவரை மூன்று வீடு முடித்து ரூ.11,500 வந்திருக்கிறது. பொட்டலுக்கு வடக்கே இருக்கும் முள்ளைத்தான் வெட்ட முடியவில்லை, அது புறம்போக்கு. மனு கொடுத்து எட்டு மாதம் ஆகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கீரமங்கலம், பேராவூரணிப் பக்கம் மாதிரி மொய் விருந்து வைக்கலாம் என்றார்கள். மொய் திருப்பிச் செய்ய வேண்டிய கடன், இருபத்திரண்டு பையன்களால் யாருக்கு என்ன திருப்பிச் செய்ய முடியும்? விட்டுவிட்டோம். மின்விளக்குப் போட்டு, மூங்கிலில் கேலரி கட்டி, கேரளத்து மலப்புரம் மாதிரி செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் போட்டி, நடத்தலாம் என்றார்கள். 2022-ல் அங்கேயே தற்காலிக கேலரி சரிந்து ஏகப்பட்ட பேருக்கு அடிபட்டது. ஊருணிக் கரையில் உட்கார்ந்தால் விழுவதற்கு இடமில்லை. பழைய பேப்பர் சேகரிப்பது நன்றாகப் போகிறது. வீட்டுக்கு வீடு ஞாயிறு காலை எடுக்கிறோம். அதில் உங்கள் பத்திரிகைதான் எடை அதிகம், வெள்ளிக்கிழமை இணைப்பு வருவதால்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். விளையாட்டுப் பக்கத்தில் ஸ்பெயினில் யார் யாருக்கு எவ்வளவு கோடி என்று தினமும் போடுகிறீர்கள். திங்கட்கிழமையில் ஒரே ஒரு வரி, நம் மாவட்டத்துச் சின்னக் குழுக்கள் ஆடிய முடிவுகளைப் போட முடியுமா? எங்களுடையதை நானே எழுதி, தோற்றாலும் மறைக்காமல், ஞாயிறு இரவுக்குள் அனுப்பிவிடுகிறேன்.

வரும் ஞாயிறு சாயங்காலம் நாலரைக்கு ஆட்டம். இந்தத் தடவை ஏலத்துக்கு ஒரு நாட்டுச் சேவல் வந்திருக்கிறது. இப்போது எங்கள் வீட்டுக் கொல்லையில்தான் கட்டிக் கிடக்கிறது. விடிகாலை மூன்று மணிக்கே கூவுகிறது. ஞாயிறு வரை பொறுத்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
காரைக்குடி வட்டம்.